பிறழ்சாட்சி

புறஊதா வெளிச்சத்தில்
ஜெல் பலகையில் அந்தப் பட்டை
ஒரு நகக்கீறல் அளவு எரிந்தது.
ஏழாம் தடத்தில் மட்டும்.
மற்றப் பதினொரு திராட்சைக் கொடிகளுக்கும்
அந்த இடத்தில் இருட்டு.

"இது யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை" என்றேன்.
ஜும்பெர் படம் எடுத்து
ஓரத்தில் நீல மார்க்கரால் எழுதினான்:
லமாராவின் கொடி.
நான் தொலைபேசியை எடுத்தேன்.
அது என் பிழை.
இனி வருபவை இயந்திரத்துடையவை.

அலசானிப் பள்ளத்தாக்கில் லமாரா
அன்றிரவே மண்ணில் புதைத்த ஜாடியைத் திறந்தாளாம்.
மறுவாரம் போத்தல் சீட்டுகள் அச்சுக்குப் போயின:
உலகில் ஒரே கொடி.
மூவாயிரம் சீட்டு. தங்க ஓரம்.

அறிக்கைக்கு முன் இன்னொரு முறை ஓட்டினோம்,
திபிலீசியில் மாடியறை இயந்திரத்தில்.
பட்டை இல்லை.
மூன்றாம் முறை, மங்கலாக,
ஈரத் துணியில் துடைத்த மாதிரி.
பார்த்தேன் என்றது முதல் நாள்,
அன்று ஊரிலேயே இல்லை என்றது மறுநாள்,
பார்த்த மாதிரிதான் இருந்தது என்கிறது இன்று.

அதைக் குறை சொல்ல முடியாது.
நாங்கள் அனுப்பிய தூதுத் துண்டுக்குப்
பத்தே எழுத்து.
வெப்பம் முப்பத்தாறு டிகிரி.
அந்தச் சூட்டில்
யாரும் யாரோடும் ஒட்டிக்கொள்வார்கள்.

வசந்தத்தில் அதே கொடியின் தளிரைக் கொண்டுவந்தோம்.
சுத்தமான இருட்டு.
அக்டோபரில் பறித்த பழைய இலையை
ஜும்பெர் நுண்ணோக்கியில் வைத்தான்,
நெடுநேரம் பேசவில்லை.
வெண்பொடி. நூல் நூலாய்ப் பூஞ்சை.
கொடியைத்தான் விசாரித்தோம்.
பதில் சொன்னது
அதன்மேல் வாடகையில்லாமல் குடியிருந்த ஒன்று.

பிறகு நீண்ட துண்டுகள், கறாரான வெப்பம்.
மரபணு திக்கித் திக்கிப் பேசும் ஒன்பது இடங்கள்.
எத்தனை முறை திக்குகிறது என்று எண்ணினால் போதும்.
இரண்டு ஆய்வகம், இரண்டு ஆள்,
ஒருவரை ஒருவர் பார்க்காமல் எண்ணினோம்.
ஒரே எண்கள்.
நிம்மதி என்று எழுதப் போனேன்.
அந்த எண்கள் அப்படியே பொருந்தின
வேலிக்கு அந்தப்புறத்து ஓட்டியாவின் கொடிக்கு.
என்றோ ஒரு குச்சி வேலி தாண்டியிருக்கிறது.
கொடிவழியில் இவை உறவுகூட இல்லை,
ஒரே ஆள்.

நேரில் சொல்லப் போனேன்.
லமாரா மேசையில் இரண்டு குலைகளை வைத்தாள்.
ஓட்டியாவுடையது பச்சை வெள்ளை.
அவளுடையது
அடிபட்ட கன்னத்தின் சிவப்பு.
"உன் எண்களுக்குக் கண் இல்லையா?"
என்னிடம் பதில் இருந்தது, அவளுக்குப் பயன்படாதது:
ஒன்பது இடத்தில் கேட்டோம்,
பத்தாவது இடத்தில் நடந்திருக்கலாம்.
நிறத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு துண்டு
எந்த வெயிலிலோ எழுந்து போயிருக்கும்.
நாங்கள் எண்ணாத அறையில்.

"சீட்டுக்கு யார் பணம் தருவது?"
அதற்கும் என்னிடம் முறை எதுவுமில்லை.

அறிக்கையில் இப்போது இப்படி இருக்கிறது:
இந்த முறையில், இந்த ஒன்பது இடங்களில்,
வேறுபாடு காணப்படவில்லை.
அந்தக் காற்புள்ளிகளுக்காக
ஓர் ஆண்டு சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

அன்றிரவு அவள் சமையலறையில்
மூவரும் உட்கார்ந்து
சீட்டு சீட்டாக "ஒரே" என்ற சொல்லை அடித்தோம்.
உலகில் கொடி, என்று மிஞ்சியது.
"பொய்யில்லை" என்றான் ஜும்பெர்.
லமாரா சிரிக்கவில்லை.
அறுநூறோ எழுநூறோ ஆனபோது கோப்பை கவிழ்ந்து
சிவப்பு வைன் சீட்டுகளின் மேல் ஓடியது.
தங்க ஓரம் கரைந்தது.
ஆய்வக மார்க்கரின் நீலம் அசையவில்லை.
அதைக் கரைக்க
எழுபது சதவீத ஆல்கஹால் வேண்டும்.
இத்தனை மார்க்கர்களில்
அதை மட்டும்தான்
இரண்டாம் முறை சோதிக்கவில்லை.